அடி வாங்கிப் பழக வேண்டுமா?

பொங்கல் விழாவன்று நமது சங்க அரங்கின் வாசலில் அந்தச் சகோதரியைப் பார்த்தேன். தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருப்பவர். ஊர் வள்ளியூர்ப் பக்கம். நான் அம்பாசமுத்திரத்துக்காரன். தில்லியில் என்னை வாய் நிறைய ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுகிறவர்கள் வரவரக் குறைந்துவிட்டார்கள். அவர் அப்படிக் கூப்பிடுகிறவர். அன்று அவருடைய இடது மணிக்கட்டில் பெரிய கட்டு ஒன்று இருந்தது.

“என்னம்மா ஆச்சு?” என்று கேட்டேன்.

“கதவு இடுக்குல மாட்டிக்கிட்டு அண்ணாச்சி” என்றார்.

சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. இரண்டு நாள் முன்பு இரவு டியூட்டி. மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட ஒரு பையனைப் பத்துப் பன்னிரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். வரும்போதே நாடி இல்லை. டாக்டரும் இவரும் அரை மணி நேரத்துக்கு மேல் நெஞ்சை அழுத்தி, தொண்டையில் குழாய் போட்டு, மருந்து செலுத்திப் பார்த்தார்கள். பலனில்லை. செய்தியைச் சொன்ன டாக்டரின் சட்டையை ஒருவன் பிடித்தான். இன்னொருவன் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கினான். அது டாக்டரின் தலையில் இறங்குவதற்குள் இவர் கையை நீட்டியிருக்கிறார்.

“போலீசில் எழுதிக் கொடுக்கவில்லையா?” என்றேன்.

“அந்தப் பையனோட அம்மா அங்கேயே தரையில கிடந்தா அண்ணாச்சி. அவ முகத்தைப் பார்த்த பொறவு யாரு மேல எழுதிக் குடுக்கச் சொல்லுதிய? வீட்டுலயும் கதவு இடுக்குன்னுதான் சொல்லியிருக்கேன். நெசத்தைச் சொன்னா வேலைய விடச் சொல்லுவாவ. விடுங்க. பழகிப்போச்சு.”

இந்தக் கடைசிச் சொல்தான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது. காய்ச்சலில் கிடப்பவனைத் தொட்டுப் பார்ப்பது ஒரு நர்ஸுக்குப் பழகிப் போகலாம். இரத்தத்தைப் பார்ப்பது பழகிப் போகலாம். தான் காப்பாற்ற முயன்றவனின் உறவினரிடம் அடி வாங்குவது பழகிப் போகலாமா? அது பழகிப் போய்விட்டது என்று ஒருவர் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டே சொல்லும்போது, நம்மைப் போன்றவர்கள் “ஐயோ பாவம்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடலாமா?

என் கணக்கு

பிறருக்குப் புத்தி சொல்வதற்கு முன் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1996ஆம் ஆண்டு, ஜனவரி மாதக் குளிர். இரவு பதினொரு மணிக்கு என் மைத்துனருக்கு நெஞ்சு வலி. ஒரு டாக்ஸி, இரண்டு ஸ்கூட்டர் என்று ஏழு பேர் கிளம்பி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஊசியில் இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு நாற்பது நிமிடம் எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓர் இளம் டாக்டர் எங்களைத் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை ஓடும்போது நான் அவருடைய வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்தேன். பாதி ஆங்கிலத்திலும் பாதி அரைகுறை இந்தியிலும் கத்தினேன். இன்னொரு கை ஓங்கிவிட்டது. யாரோ ஒரு வார்டு பாய் நடுவில் புகுந்ததால் அது இறங்கவில்லை.

மைத்துனர் பிழைத்தார். பத்து நாளில் வீட்டுக்கு வந்தார். பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்த டாக்டர் ஈ.சி.ஜி.யை வந்த உடனேயே பார்த்துவிட்டார். உடனடி ஆபத்து இல்லை என்று தெரிந்துகொண்டார். இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம், ஸ்டவ் வெடித்துத் தீக்காயம் பட்ட ஒரு குழந்தையிடம் ஓடிக்கொண்டிருந்தார். இதை யாராவது ஒருவர் என்னிடம் அரை நிமிடம் நின்று சொல்லியிருந்தால் நான் சுவரோரம் போய் உட்கார்ந்திருப்பேன். சொல்லவில்லை என்பது உண்மை. அதனால் நான் செய்தது சரியாகிவிடாது என்பதும் உண்மை.

அடிக்கிறவர்கள் எல்லாம் ரவுடிகள், படிக்காதவர்கள், குடித்துவிட்டு வருகிறவர்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அன்றிரவு என் சட்டைப் பையில் மத்திய அரசின் அடையாள அட்டை இருந்தது. நான் காபி தவிர வேறொன்றும் குடித்திருக்கவில்லை.

பத்திரிகையில் வந்தவை

நிற்க. நாட்டில் நடந்தவற்றில் சிலவற்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

2012 ஜனவரியில் தூத்துக்குடியில், இறந்துபோன ஒரு நோயாளியின் கணவர் ஒரு பெண் டாக்டரைக் கொலை செய்தார். 2019 ஜூன் 10ஆம் தேதி இரவு, கொல்கத்தாவின் என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு முதியவர் இறந்ததையடுத்து வந்த கூட்டம் தாக்கியதில் இளம் டாக்டர் ஒருவரின் மண்டை ஓடு உடைந்தது. ஒரு வாரம் மேற்கு வங்க ஆஸ்பத்திரிகள் முடங்கின. 2023 மே 10ஆம் தேதி விடியற்காலை, கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரியில், காயத்துக்குக் கட்டுப் போடுவதற்காகப் போலீசார் கூட்டி வந்த ஆள், அங்கிருந்த கத்திரிக்கோலை எடுத்து ஒரு பயிற்சி டாக்டரைக் குத்திக் கொன்றான். அந்தப் பெண்ணுக்கு வயது 23. குத்தியவன் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர்.

2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி கொல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் நடந்த கொடுமையை நான் விவரிக்க வேண்டியதில்லை. நீண்ட டியூட்டிக்கு நடுவே சற்றே கண்ணயர்வதற்கு ஒரு கருத்தரங்க அறையைத் தவிர வேறு இடமில்லாத பெண் டாக்டர் அவர். அவருக்கு நீதி கேட்டு ஊரே தெருவில் நின்ற ஆகஸ்ட் 14ஆம் தேதி நள்ளிரவில், ஒரு கும்பல் அதே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குள் புகுந்து கட்டில், கருவி, மருந்து அலமாரி எல்லாவற்றையும் அடித்து நொறுக்கியது. அதே ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி, சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரியில் புற்றுநோய் டாக்டர் ஒருவரை, நோயாளியின் மகன் கத்தியால் குத்தினான். நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டார்.

கொரோனாக் காலத்தையும் மறக்க முடியாது. 2020 மார்ச் 22ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு நாம் எல்லோரும் பால்கனியில் நின்று தட்டுத் தட்டிக் கை தட்டினோம். ஏப்ரல் முதல் தேதி இந்தூரில் சுகாதார ஊழியர்கள் மீது கல் விழுந்தது. பதினைந்தாம் தேதி மொராதாபாதில் ஆம்புலன்சோடு சேர்த்துத் தாக்கினார்கள். பத்தொன்பதாம் தேதி சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரின் உடலைப் புதைக்கவிடாமல் ஆம்புலன்சை அடித்து உடைத்தார்கள். ஏப்ரல் 22ஆம் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. கை தட்டியதற்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே சரியாக ஒரு மாதம்!

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் தம் பணிக்காலத்தில் எப்போதாவது உடல் ரீதியான தாக்குதலுக்கு ஆளாகிறார்கள். வசவும் மிரட்டலும் இந்தக் கணக்கில் சேராது. நமது சகோதரியின் ‘கதவு இடுக்கு’ எந்தக் கணக்கிலும் சேராது.

கோபம் எங்கே பிறக்கிறது?

அவசரப் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அங்கே இருப்பது ரயில்வே முன்பதிவு வரிசை போன்றதன்று. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற நியாயம் அங்கே செல்லாது. வாசலிலேயே நோயாளிகளைத் தரம் பிரிக்கிறார்கள். பல ஆஸ்பத்திரிகளில் அதற்கு நிறம் கூட உண்டு. சிவப்பு என்றால் இந்த நிமிடமே. மஞ்சள் என்றால் சற்றுக் காத்திருக்கலாம். பச்சை என்றால் நெடுநேரம் காத்திருக்கலாம். வலியில் கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவனைத்தான் அவர்கள் முதலில் பார்க்க வேண்டும். நமக்குப் பின்னால் வந்தவரை முன்னால் அழைத்துப் போகிறார்கள் என்றால், சிபாரிசு என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் நம் ஆளுக்கு அவ்வளவு ஆபத்தில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். உண்மையில் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் அதை யாரும் வந்து சொல்வதில்லை.

இரண்டாவது, கட்டில் இல்லை. பொது ஆஸ்பத்திரிகளில் ஒரே ஸ்ட்ரெச்சரில் இரண்டு பேர் படுத்திருப்பதைப் பார்க்காதவர் நம்மில் யார்? தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் இல்லையென்றால் இல்லைதான். அந்த டாக்டர் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட முடியாது. அந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை கட்டில், எத்தனை நர்ஸ், எத்தனை வென்டிலேட்டர் என்று முடிவு செய்தவர்கள் அந்த நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். முன்னால் நிற்பவர் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு கூட ஆகாத ஜூனியர் டாக்டரும், அவருக்குத் துணையாக ஒரு நர்ஸும்தான். அடி அவர்களுக்கு விழுகிறது.

மூன்றாவது, சாவு. நமது சினிமாக்களில் ஆபரேஷன் தியேட்டரின் சிவப்பு விளக்கு அணையும். டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றுவார். “இனிமே கடவுள் கையிலதான்” என்பார். உறவினர் தூணில் சாய்ந்து அழுவார்கள். அவசரப் பிரிவில் தூணும் இல்லை, கண்ணாடியைக் கழற்ற நேரமும் இல்லை. நின்ற இதயத்தை ஓடவைக்க நெஞ்சைப் பலமாக அழுத்துகிறார்கள். விலா எலும்பு கூட முறியலாம். அதைத் தள்ளி நின்று பார்க்கிற தம்பிக்கு, அண்ணனைப் போட்டு அடிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. பத்து நிமிடம் கழித்து இறந்துவிட்டார் என்கிறார்கள். அதுவும் நின்றபடி, நடைபாதையில், நூறு பேர் நடுவே. ‘ஊசி போட்டதும் போய்விட்டான்’ என்று கூட்டத்தில் யாரோ ஒருவர் ஆரம்பித்துவிட்டால் போதும்.

ஆக, இந்தக் கோபத்தின் வேர் பெரும்பாலும் பேச்சில்லாத அந்த நாற்பது நிமிடத்தில் இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

பழகிப்போனதன் விலை

இப்படிப்பட்ட இடத்தில் நாள்தோறும் வேலை செய்கிறவர்கள் எப்படித் தாங்குகிறார்கள்? அந்தச் சகோதரியிடம் துருவித் துருவிக் கேட்டேன். அவர் சொன்னவற்றை வரிசையாகத் தருகிறேன்.

ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். யாராவது இழுத்தால் கழுத்து இறுகும் என்று பையில் வைத்துக்கொள்வார்கள். பெயர் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் சுவருக்கு முதுகைக் கொடுத்து, கதவுக்குப் பக்கமாக நின்றுகொண்டு பேசுவார்கள். சாவுச் செய்தியைத் தனியாகப் போய்ச் சொல்லமாட்டார்கள். அடி விழுந்த பிறகு பாத்ரூமில் போய் ஐந்து நிமிடம் அழுவார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு வருவார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு, வார்டு ஆயா போடும் டீயைச் சுற்றி நின்று, யார் என்ன வசவு வாங்கினார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். “அந்தச் சிரிப்பு மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ ஊருக்குப் போயிருப்பேன் அண்ணாச்சி” என்றார். சிலர் வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சிலர் வெளிநாட்டுக்கே போய்விட்டார்கள். ஒரு பெண்ணுக்கு இன்றும் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தின் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறதாம்.

நான் இவற்றைக் குறை சொல்லவில்லை. டீயும் சிரிப்பும் சிநேகமும்தான் அவர்களை நிறுத்தி வைத்திருக்கின்றன. ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன ஒன்றைக் கவனியுங்கள்.

“முந்தி எல்லாம் சொந்தக்காரங்க கிட்ட உட்கார்ந்து பேசுவேன். இப்பம் பேசுததே இல்லை. ‘டாக்டர் சொல்லுவார்’னு ரெண்டே வார்த்தை. நெறையப் பேசுனா, அதுல ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு நாளைக்குச் சண்டைக்கு வருவாவ.”

நோயின் சக்கரம் இங்கேதான் முழுதாகச் சுற்றுகிறது. யாரும் பேசாததால் கோபம் வருகிறது. கோபத்தால் அடி விழுகிறது. அடிக்குப் பயந்து அவர்கள் இன்னும் பேசாமலாகிறார்கள். அதனால் அடுத்த கூட்டத்துக்கு இன்னும் அதிகக் கோபம் வருகிறது. ‘பழகிப்போச்சு’ என்ற சொல் வெளியிலிருந்து பார்த்தால் பொறுமை போலத் தெரிகிறது. உள்ளே அது மெல்ல மெல்ல மனிதர்களை ஊமையாக்கிக்கொண்டிருக்கிறது. நாளை என்னையோ உங்களையோ அங்கே தூக்கிக்கொண்டு போகும்போது, அந்த ஊமைகளிடம்தான் ஒப்படைக்கப் போகிறார்கள்.

இதற்கு இன்னொரு விலையும் உண்டு. யார் வந்தாலும் முதலில் உயிரைக் காக்க வேண்டும், போலீஸ் சம்பிரதாயங்கள் அப்புறம் என்று சுப்ரீம் கோர்ட் 1989இலேயே, பரமானந்த் கட்டாரா வழக்கில், அரசு டாக்டர்களுக்கும் தனியார் டாக்டர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டது. ஆனாலும் நம் பேட்டையில் உள்ள சிறிய நர்ஸிங் ஹோம்களில், நோயாளியின் நிலைமை மோசமாக இருந்தால், பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள்” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த முதல் பத்து நிமிடம் சாலையில் போகிறது. எங்கோ யாரோ ஓங்கிய கைக்கு இங்கே வேறொரு நோயாளி விலை கொடுக்கிறார்.

மறுபக்கமும் உண்டு

“டாக்டர்கள் மட்டும் யோக்கியர்களா? அவர்கள் எரிந்து விழுவதில்லையா? தனியார் ஆஸ்பத்திரிகள் லட்சக்கணக்கில் பில் போடுவதில்லையா?” என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அலட்சியமும் உண்டு, அகம்பாவமும் உண்டு. பணம் கட்டினால்தான் உடலைத் தருவோம் என்று சொன்ன இடங்களும் உண்டு. இவற்றுக்கெல்லாம் பரிகாரம் தேட வழி இருக்கிறது. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று சுப்ரீம் கோர்ட் 1995இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அந்த வழிகள் மெதுவானவை, அலுப்பானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பில் போட்டவர் ஒருவர். அடி வாங்குகிறவர் வேறொருவர். கோர்ட்டுக்குப் போனால் சம்பந்தப்பட்டவர் கூண்டில் நிற்பார். கை ஓங்கினால் கைக்கு எட்டியவர் கீழே விழுவார்.

எரிந்து விழும் டாக்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரெசிடென்ட் டாக்டர்களின் தொடர்ச்சியான பணி சாதாரணமாக நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு உத்தரவு ஒன்று இருக்கிறது. அவசியம் ஏற்பட்டால் விலக்கு உண்டு என்ற வாசகமும் அதில் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அந்த விலக்குதான் விதியாக இருந்துவருகிறது. முப்பது மணி நேரம் தூங்காதவரிடம் இன்சொல்லை எதிர்பார்க்கிறோம். நாம் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஓர் இரவு தூக்கம் கெட்டாலே மறுநாள் வீட்டில் எப்படிப் பேசுகிறோம்?

சட்டம் இருக்கிறது, பிறகு?

சட்டம் இல்லாமல் இல்லை. தில்லியில் 2008இலேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் அதே ஆண்டில் வந்தது. அங்கே குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் பத்தாண்டு சிறை. இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருக்கிறது. கொட்டாரக்கரைக் கொலைக்குப் பிறகு கேரளம் தன் சட்டத்தை இன்னும் கடுமையாக்கியது. நாடு முழுதுக்கும் ஒரே சட்டம் வேண்டுமென்று டாக்டர்கள் கேட்டார்கள். 2019இல் மத்திய அரசு அதற்கு ஒரு மசோதா தயாரித்து, பிறகு கைவிட்டுவிட்டது. ஆர்.ஜி. கர் சம்பவத்துக்குப் பிறகு சுப்ரீம் கோர்ட் அமைத்த தேசியப் பணிக்குழுவும், தனிச் சட்டம் தேவையில்லை, இருக்கிற சட்டங்களே போதும் என்று கூறிவிட்டது.

போதுமோ, போதாதோ, புகார் எழுதுவதற்கு ஒருவர் வேண்டுமல்லவா? அடி வாங்கிய நர்ஸே எழுதித் தர வேண்டும் என்றால், மகனை இழந்த தாயின் முகம் அவர் பேனாவைப் பிடித்துக்கொள்கிறது. இந்த விஷயத்தில் 2024 ஆகஸ்ட் 16ஆம் தேதி மத்திய சுகாதாரத் துறை அனுப்பிய ஒரு சுற்றறிக்கை முக்கியமானது. பணியிலிருக்கும் ஊழியர் தாக்கப்பட்டால், ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியின் சார்பிலேயே போலீசில் புகார் பதிவாக வேண்டும். அதற்கு நிறுவனத்தின் தலைவரே பொறுப்பு என்கிறது அது. நல்ல உத்தரவு. சுமையை எடுக்க வேண்டியவர் தலையில் அது ஏற்றிவைக்கிறது. ஆனால் ‘கதவு இடுக்கு’ என்று சொல்லிவிட்டால் அந்த உத்தரவு யாருக்குப் பயன்படும்?

நிர்வாகங்கள் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்கிறவையல்ல. ஒவ்வொரு ஷிஃப்டிலும், வைத்தியம் பார்க்கும் பொறுப்பு இல்லாத ஒருவர், உறவினர்களிடம் பேசுவதற்கென்றே இருக்க வேண்டும். “உங்கள் அப்பாவுக்கு இரத்தம் எடுத்திருக்கிறது, முடிவு வர ஒரு மணி நேரமாகும், அதுவரை இங்கே உட்காருங்கள்” என்று சொல்ல எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டியதில்லை. சாவுச் செய்தியைச் சொல்ல ஒரு சிறிய அறை வேண்டும். நான்கு நாற்காலி, ஒரு பானைத் தண்ணீர், இரண்டு கதவு. வசவானாலும் அடியானாலும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். அடிபட்டவரை அன்றிரவு அதே வாசலில் மறுபடி நிறுத்தக் கூடாது. மூத்தவர் ஒருவர் அருகில் உட்கார்ந்து பேச வேண்டும். லீவைக் கழிக்காமல் ஓய்வு தர வேண்டும். மனநல ஆலோசனைக்குப் போனால் அது பலவீனம் என்று குறிப்பெழுதக் கூடாது. இவை எதையும் செய்யாமல் ஊழியர்களின் பொறுமையைத் தன் வரவுக் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறது நிர்வாகம்.

நாம் என்ன செய்யலாம்?

வாசலில் துப்பாக்கியோடு காவலரை நிறுத்தினாலும், கூட்டத்தைக் கொண்டுபோவது நாம்தான். ஆகவே நமக்கும் சில கடமைகள் உண்டு.

நோயாளியோடு உள்ளே இரண்டு பேருக்கு மேல் போக வேண்டாம். மற்றவர்களின் அன்பு வெளியே மரத்தடியில் நின்றாலும் குறையாது. டாக்டரிடம் பேச ஒருவரை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். பதற்றம் குறைந்தவராக இருக்கட்டும். நோயாளி சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் பழைய சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைத்திருங்கள். “ஏன் இன்னும் பார்க்கவில்லை?” என்று கேட்பதற்குப் பதிலாக, “அடுத்த தகவல் எப்போது தெரியும், யாரிடம் கேட்கட்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும். செல்போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். நம் கூட்டத்தில் ஒருவன் கை ஓங்கினால், அதைப் பிடிக்க வேண்டியவர்கள் அந்த நர்ஸ் அல்ல, நாம்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. காசி, ஹரித்வார் யாத்திரை வந்த இடத்தில் நோய்வாய்ப்பட்டு, ஒரு சொல் இந்தி தெரியாமல், தலைநகர் ஆஸ்பத்திரி வாசலில் தவித்து நிற்கும் நம் ஊர்ப் பெரியவர்களை நாம் அவ்வப்போது பார்க்கிறோம். இங்கே வேலைக்கு வந்த கட்டடத் தொழிலாளிகளும் லாரி டிரைவர்களும் அப்படித்தான். டாக்டர் சொல்வது இவர்களுக்குப் புரிவதில்லை. இவர்கள் சொல்வது டாக்டருக்குப் புரிவதில்லை. மெளனம் இன்னும் கனமாகிறது. நம்மில் ஓய்வு பெற்றவர்கள், இந்தி நன்றாகப் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். வாரத்துக்கு இருவர் என்று முறை வைத்துக்கொண்டு, தொலைபேசியில் கூப்பிட்டால் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பட்டியல் தயாரிக்க முடியாதா? பட்டிமன்றத்துக்கு இத்தனை பேச்சாளர்கள் கிடைக்கிற ஊரில், இதற்குப் பத்துப் பேர் கிடைக்கமாட்டார்களா? முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதப் போகிறேன் என்று அந்தச் சகோதரியிடம் அனுமதி கேட்டேன். “எழுதுங்க. ஆனா ஆஸ்பத்திரி பேரைப் போட்டுராதிய. அந்தப் பையனோட அம்மாவைப் பத்தித் தப்பாவும் எழுதிராதிய” என்றார். கட்டுப் பிரித்துவிட்டார்கள், மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை. வீட்டில் இப்போதாவது உண்மையைச் சொன்னாரா என்று கேட்டேன். சிரித்தார். அதற்குப் பதில் சொல்லவில்லை.

1996இல் என்னிடம் அகப்பட்ட அந்த டாக்டருக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். மைத்துனரின் டிஸ்சார்ஜ் சீட்டில் அவருடைய கிறுக்கலான கையெழுத்து இருந்தது. பெயரைப் படிக்க முடியவில்லை. மறுநாளே போய்த் தேடியிருந்தால் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். போகவில்லை. மைத்துனர் பிழைத்த சந்தோஷத்தில் அது மறந்தே போய்விட்டது. எனக்கு மறந்துவிட்டது, அவருக்கு மறந்திருக்குமா என்று இந்தப் பொங்கலுக்குப் பிறகுதான் யோசிக்கிறேன்.